ரியோ பிராவோ: குதிரை ஓடாத ஒரு வெஸ்டர்ன் படத்துல அப்படி என்ன இருக்கு?

கேட்ட கேள்வி இதுதான்: "ரியோ பிராவோ பாத்தேன், ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஓடுது, வெஸ்டர்ன்னு பேரு, ஆனா துரத்தலும் இல்ல பாலைவனமும் இல்ல, நாலு பேரு ஜெயில் ரூம்ல உக்காந்து பேசிட்டே இருக்காங்க, நடுவுல பாட்டு வேற பாடுறாங்க. இதை ஏன் இவ்ளோ பேர் தலைல தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க?"

நியாயமான கேள்விதான். சண்டை எப்ப வரும்னு காத்துக்கிட்டு பாத்தா இந்தப் படம் கண்டிப்பா இழுக்கும். நான் இதை பத்து தடவைக்கு மேல பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் சண்டை வரும்போது எனக்கு "அடடா பேச்சு முடிஞ்சிருச்சே"ன்னுதான் தோணும். ஏன் அப்படின்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், கதை முழுக்க வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

முதல்ல ஆளுங்க யாருன்னு சொல்லிடறேன். 1959ல வந்த படம், டைரக்டர் ஹோவர்ட் ஹாக்ஸ். ஜான் வெய்ன் ஷெரிஃப், அதாவது ஊர் போலீஸ் தலைவர், பேரு சான்ஸ். டீன் மார்ட்டின் டூட், ஒரு காலத்துல சான்ஸுக்கு டெபுட்டியா இருந்த பயங்கரமான துப்பாக்கிக்காரன், ஒரு பொண்ணு விஷயத்துல மனசு உடைஞ்சு ரெண்டு வருஷமா குடிச்சே அழிஞ்சுட்டான். வால்டர் பிரென்னன் ஸ்டம்பி, கால் விந்தி விந்தி நடக்கிற, வாய் ஓயாத கிழவர். ரிக்கி நெல்சன் கொலராடோ, சின்னப் பையன். ஆஞ்சி டிக்கின்சன் ஃபெதர்ஸ், கோச் வண்டியில வந்து இறங்குற சீட்டாட்டக்காரி. எதிர்ப்பக்கம் நேதன் பர்டெட்னு ஒரு பெரிய பண்ணைக்காரன். அவன் தம்பி ஜோ ஒருத்தரை பார்ல வச்சு சும்மா சுட்டுக் கொன்னுடறான், சான்ஸ் அவனைப் புடிச்சு ஜெயில்ல போட்டுடறாரு, மார்ஷல், அதாவது மத்திய அரசு போலீஸ் அதிகாரி, வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அவனை உள்ளயே வச்சிருக்கணும், அண்ணன்காரன் ஆளை வச்சு ஊரையே சுத்தி வளைச்சிருக்கான். அவ்ளோதான் கதை.

இங்க ஒரு கேள்வி வரணும். நேதன்கிட்ட முப்பது நாப்பது பேர் இருக்காங்க, இவங்க மூணு பேர், ஏன் முதல் நாளே வந்து அடிச்சு நொறுக்கல? ஏன்னா உள்ள ஸ்டம்பி உக்காந்திருக்காரு. வெளிய துப்பாக்கிச் சத்தம் கேட்டா முதல் குண்டு ஜோவுக்குத்தான், "தவறுதலா" பட்டுரும்னு நேதன்கிட்டயே நேரா சொல்லிடறாங்க. ஸ்டம்பிக்கு நேதன் மேல பழைய பகை, அவர் நிலத்தைப் புடுங்கினவன் அவன்தான், அதனால கிழவர் செய்ய மாட்டாருன்னு யாரும் நினைக்க முடியாது. இந்த ஒரு முடிச்சைப் போட்டதும் என்ன ஆகுதுன்னா ரெண்டு பக்கமும் கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது, அவனால அடிக்க முடியாது, இவங்களால நகர முடியாது, காத்துக்கிட்டுதான் இருக்கணும். காத்திருக்கிற மனுஷங்க வேற என்ன பண்ணுவாங்க, பேசுவாங்க. அந்தப் பேச்சு படத்தை நிறுத்தி வச்சுட்டு பேசுற பேச்சு இல்ல, அந்த நிலைமையில நடக்கக்கூடிய ஒரே விஷயமே அதுதான்.

சரி என்ன பேசுறாங்க? மேல கேட்டா காபி, சீட்டு, துப்பாக்கி, யாரு வாசல்ல நிக்கிறது, யாருக்கு நன்றி சொல்லல, இந்த மாதிரி. ஆனா ஒவ்வொரு பேச்சுக்கு அடியிலயும் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கிட்டே இருக்கு: நீ இந்த வேலைக்குத் தேறுவியா? டூட் தேறுவானா, கிழவர் தேறுவாரா, பையன் தேறுவானா. அதை யாரும் யாருகிட்டயும் நேரா கேக்க மாட்டாங்க, கேட்டா எதிராளி மானம் போயிடும். அதனால சுத்தி வளைச்சு கேப்பாங்க, சுத்தி வளைச்சுதான் பதிலும் வரும்.

ஹாக்ஸ் இதுக்கு ஒரு பேரே வச்சிருந்தாரு. பில்லியர்ட்ஸ்ல பந்தை நேரா அடிக்காம மூணு பக்கப் பலகையில மோத விட்டு கடைசியா பட வேண்டிய இடத்துல பட வைப்பாங்கல்ல, அந்த மாதிரி வசனம்னு சொல்வாரு. நமக்கு கேரம் வச்சு சொன்னா டக்குனு புரியும். காய் உங்க கைக்கு நேரா இல்ல, ஸ்ட்ரைக்கரை எதிர்ப் பலகையில அடிச்சு அது திரும்பி வந்து காயைத் தள்ளி பாக்கெட்ல விழ வைக்கணும், விழுந்ததும் சுத்தி இருக்கிறவங்க "ஆஹா"ன்னு சொல்வாங்க பாருங்க, இந்தப் படத்து வசனத்தோட சுகம் அதேதான்.

ஒரு உதாரணம். பேட் வீலர்னு சான்ஸோட பழைய நண்பர், சரக்கு வண்டிங்களோட ஊருக்குள்ள வர்றாரு, நிலைமையைப் பாத்துட்டு கேக்குறாரு: ஒரு நொண்டிக் கிழவன், ஒரு குடிகாரன், உன்கிட்ட இருக்கிறது இவ்ளோதானா? சான்ஸ் சொல்ற பதில் ரொம்பச் சின்னது, "என்கிட்ட இருக்கிறது இவங்க." கேள்வியில இருந்த அந்த "இவ்ளோதானா" மட்டும் பதில்ல காணாம போயிடுது. வீலர் தலையை எண்ணுறாரு, சான்ஸ் ஆளை சொல்றாரு. இந்த ஒரு வரி மாத்தத்துல அந்த ரெண்டு பேர் மேல சான்ஸுக்கு என்ன இருக்குன்னு முழுசா வெளிய வந்துடுது, அதுக்காக அவரு பாராட்டா ஒரு வார்த்தை கூட சொல்லல.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் புடிச்சது. அந்த கொலராடோ பையன் நல்லா சுடுவான்னு தெரியுது, டூட் கேக்குறான், நான் முன்னாடி இருந்த அளவுக்கு அவன் நல்லா சுடுவானான்னு. இதுக்கு என்ன சொன்னாலும் தப்பு. ஆமான்னா நீ போயிட்டன்னு அர்த்தம், இல்லன்னா பொய். சான்ஸ் சொல்றாரு, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட தான் இருக்கும், அந்த வித்தியாசத்தை நம்பி என் உயிரை வைக்க மாட்டேன். டூட் அதைக் கேட்டுட்டு, அப்ப அவன் நல்லாவே சுடுவான்னு சொல்றான். பாருங்க, பையனைப் பத்திப் பேசுற மாதிரி ஆரம்பிச்ச பேச்சு, உண்மையில "நீ அவ்ளோ நல்லவனா இருந்த, நான் மறக்கல"ன்னு ஒரு குடிகாரன் கையில கொண்டு வந்து கொடுக்குது. அவனும் வாங்கிக்கிட்டான், ஆனா வாங்கிக்கிட்டதை காட்டிக்கல.

இப்ப நீங்க ஒண்ணு யோசிக்கலாம், இவ்ளோ பேச்சுன்னா இது நாடகம் மாதிரிதானே, சினிமாவா இதை எப்படி சொல்றதுன்னு. அதுக்கு படத்தோட முதல் நாலு நிமிஷம் பாருங்க. ஒரு வசனம் கூட கிடையாது. டூட் பின்வாசல் வழியா பாருக்குள்ள வர்றான், அழுக்குச் சட்டை, குடிக்கக் காசு இல்ல, வாயை துடைச்சுக்கிட்டே நிக்கிறான். ஜோ ஒரு வெள்ளி டாலரை எடுத்து காட்டி, எச்சில் துப்புற படிக்கத்துக்குள்ள போடுறான். டூட் குனியுறான். கை படிக்கத்துக்கிட்ட போகும்போது ஒரு காலு வந்து அதை எட்டி உதைக்குது, நிமிர்ந்து பாத்தா சான்ஸ். காப்பாத்தினவனையே டூட் கட்டையால அடிச்சு சாய்ச்சுடறான், ஏன்னா தன் அவமானத்தை நண்பன் பாத்துட்டான். அப்புறம் கொலை, அப்புறம் சான்ஸ் ரத்தம் வழியிற தலையோட வேற ஒரு பாருக்கு போயி ஜோவை அரெஸ்ட் பண்றேன்னு சொல்றாரு, அதுதான் படத்தோட முதல் வசனமே.

ஹாக்ஸ் பேசாத பட காலத்துலயே ஆரம்பிச்ச ஆளு, 1926லேயே முதல் படம் எடுத்துட்டாரு. அவருக்கு வசனம் இல்லாம கதை சொல்லத் தெரியும்ங்கிறதுக்கு இந்த நாலு நிமிஷமே போதும், அதனாலதான் அடுத்த ரெண்டு மணி நேரம் அவரு பேச விடும்போது எனக்கு நம்பிக்கை வருது, எது கண்ணுல காட்டணும் எது வாயால சொல்லணும்னு தெரிஞ்சுதான் பண்றாரு. இதே ஆளு 1940ல ஹிஸ் கேர்ள் ஃப்ரைடேன்னு ஒரு படம் எடுத்தாரு, அதுல ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள அடுத்தவர் பேசிடுவாரு, மெஷின் கன் மாதிரி. ரியோ பிராவோல அதுக்கு நேர் எதிர், நிதானமா, இடைவெளி விட்டு, ஒருத்தர் சொன்னது அடுத்தவர் மூஞ்சில இறங்குற வரைக்கும் கேமரா காத்திருக்கும். கேமராவும் மனுஷன் கண்ணு மட்டத்துலயே நிக்கும், ரொம்ப க்ளோசப் போகாது, ரெண்டு மூணு பேரை ஒரே ஃப்ரேம்ல வச்சிருக்கும். அதனால பேசுறவர் மட்டும் இல்ல, கேக்குறவரும் எப்பவும் நம்ம கண்ணு முன்னாடி இருப்பாரு. வசனப் படம் நல்லா இருக்கிறதும் மொக்கையா போறதும் இந்த இடத்துலதான் முடிவாகுதுன்னு நான் நினைக்கிறேன், கேக்குறவர் நடிக்கலன்னா எவ்ளோ நல்ல வசனமும் ரேடியோதான்.

எங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் இதைப் பாத்துட்டு இருந்தப்ப வந்து பக்கத்துல உக்காந்தாரு, கொஞ்ச நேரம் கழிச்சு "அந்தப் பெரிய ஆளு இவனைத் திட்டுறான், ஆனா சிகரெட்டை சுருட்டிக் கொடுக்கிறான் பாரு"ன்னாரு. அவ்ளோதான், படத்தோட மையத்தையே புடிச்சுட்டாரு. டூட்டுக்கு கை நடுங்கும், குடியை நிறுத்தினதுல. புகையிலையை பேப்பர்ல கொட்டி சுருட்ட முடியாது, சிந்திடும். ஒவ்வொரு தடவையும் சான்ஸ் பேசிட்டே, அவனைப் பாக்காமலேயே, தான் சுருட்டினதை நீட்டிடுவாரு. டூட் வாங்கிப்பான். ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. வாய் கடுமையா பேசும், கை வேற பேசும். ஒரு இடத்துல சான்ஸே சொல்வாரு, அவன்கிட்ட தன்மையா நடந்துக்கிட்டா துண்டு துண்டா உடைஞ்சு போயிடுவான்னு. அதனாலதான் அந்தக் கடுமை. டூட் அவரை ரெண்டாவது தடவை அடிச்சுட்டு சாரி சொல்லும்போது கூட, சாரி சொன்னா வேலை நடக்காது டூட்னு ஒரே போடா போட்டுடுவாரு. கேக்க கல் நெஞ்சு மாதிரி இருக்கும், ஆனா அந்த இடத்துல "பரவாயில்லப்பா"ன்னு சொல்லியிருந்தா டூட் கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

டூட் எழுந்து நிக்கிற விதத்தைப் பத்தி தனியாவே சொல்லணும், ஏன்னா படத்தோட உயிர் அதுதான், டீன் மார்ட்டின் இதை விட நல்லா எதுலயும் நடிக்கலங்கிறது என் அபிப்பிராயம். ஜெர்ரி லூயிஸோட சேர்ந்து காமெடி பண்ணிட்டு இருந்து 1956ல பிரிஞ்சவரு, அதுக்கப்புறம் இவரால தனியா நிக்க முடியுமான்னு ஊரே சந்தேகப்பட்ட நேரம், அந்த சந்தேகமே இந்த பாத்திரத்துக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு.

அந்த வீலரை பர்டெட் ஆளு ஒருத்தன் சுட்டுக் கொன்னுடறான், கொன்னவன் பர்டெட்டோட பாருக்குள்ள ஓடிடறான். எப்பவும் டூட் பின்வாசல் வழியாத்தான் அங்க போவான், குடிகாரனுக்கு அதுதான் வழி. இன்னிக்கு முன்வாசல் வழியா நான் போறேனேன்னு சான்ஸ்கிட்ட கேக்குறான். பாருங்க, கொலைகாரனைப் புடிக்கப் போற நேரத்துல இந்தாளு கேக்குறது வாசலைப் பத்தி. உள்ள போனா எல்லாரும் சிரிக்கிறாங்க, யாரும் வரலன்னு சாதிக்கிறாங்க, ஒருத்தன் பழையபடி படிக்கத்துக்குள்ள காசு போடுறான். டூட்டுக்கே தன் மேல சந்தேகம் வந்துடுது, நான் பாத்தது நிஜமா இல்ல குடி கலைஞ்ச மயக்கமான்னு, முகத்துல அது தெரியும். அப்பதான் பார் மேஜையில இருக்கிற பீர் கிளாஸ்ல சொட்டு சொட்டா ரத்தம் விழுது. மேல இருந்து. சுழண்டு திரும்பி ஒரே சுடு. பேச்சால கட்டிட்டு வந்தது எல்லாம் அந்த ஒரு செகண்ட்ல வெடிக்குது. முன்வாசல் பத்தின அந்த ரெண்டு வரி பேச்சு இல்லன்னா இது சாதாரண வெஸ்டர்ன் ஷூட்டிங் சீன், அவ்ளோதான்.

அதோட தேறிட்டான்னு நினைச்சா இல்ல, மறுபடி விழுவான், அசிங்கப்படுவான், வேலையை விட்டுடறேன்பான், கிளாஸ்ல விஸ்கியை ஊத்திடுவான். அப்ப தெருவுல பர்டெட் காசு கொடுத்து வாசிக்க வச்சிருக்கிற டெகுவேயோங்கிற ட்யூன் கேக்கும். டெக்சஸ்ல அலமோ கோட்டையில 1836ல மாட்டிக்கிட்டவங்களுக்கு மெக்சிகோ படை வாசிச்ச ட்யூன், தோத்தவனுக்கு இரக்கம் கிடையாதுன்னு அர்த்தம், இதையும் படத்துல கொலராடோ பேச்சோட பேச்சாத்தான் விளக்கியிருப்பான். அலமோல வாசிச்சது நிஜம், ஆனா படத்துல நாம கேக்குற மெட்டு இந்தப் படத்தோட மியூசிக் டைரக்டர் டிமிட்ரி டியோம்கின் தானே போட்டது, அதையே அடுத்த வருஷம் ஜான் வெய்னோட தி அலமோ படத்துக்கும் வச்சுக்கிட்டாரு. டூட் அதைக் கேட்டுட்டே நிக்கிறான், கிளாஸ்ல ஊத்தின விஸ்கியை திரும்ப பாட்டிலுக்குள்ள ஊத்துறான், கை நடுங்கல, ஒரு சொட்டு கூட சிந்தலன்னு சொல்றான். சிகரெட் சுருட்ட முடியாத கை அது. ஒரு மணி நேரத்துக்கும் மேல அந்தக் கையை நாம பாத்துக்கிட்டே வந்ததாலதான் ஒரு சொட்டு சிந்தாதது நமக்கு அவ்ளோ பெரிய விஷயமா படுது.

ஒருத்தர் மட்டும் ஹீரோ இல்லாம ஏன் இத்தனை பேர் வேணும்னா, அதுக்கு இந்தப் படம் எதுக்கு பதிலா எடுத்ததுன்னு தெரியணும். 1952ல ஹை நூன்னு ஒரு படம் வந்து பெரிய பேரு வாங்குச்சு. அதுல கேரி கூப்பர் ஷெரிஃப் மாதிரி ஒரு ஆளு, அவரைக் கொல்ல வர்றாங்க, ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி உதவி கேக்குறாரு, யாரும் வரல. ஹாக்ஸுக்கு அது புடிக்கல, வேலை தெரிஞ்ச ஷெரிஃப் ஊர்ல போயி உதவி கேட்டுக்கிட்டு அலைய மாட்டான்னு சொன்னாரு. வெய்னுக்கும் அந்தப் படத்து மேல கோபம், அவரு கோபத்துல அரசியலும் இருந்துச்சு. (அதே படத்துக்கு கூப்பருக்கு ஆஸ்கார் கிடைச்சப்ப அவரு சார்பா மேடை ஏறி வாங்கினதே வெய்ன்தான்.) எனக்கு ஹை நூனும் ரொம்பப் புடிக்கும், ரெண்டுல ஒண்ணைத்தான் ரசிக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல.

ஆனா ரியோ பிராவோல நடக்கிறது என்னன்னு பாத்தா சுவாரசியம். வீலர் உதவிக்கு ஆள் சேத்துத் தரேன்னு சொல்றப்ப சான்ஸ் வேணாம்னுடறாரு, நல்ல மனசுக்காரங்கதான், ஆனா சுடுறது அவங்க தொழில் இல்ல, பொண்டாட்டி புள்ளைங்களை நினைச்சுக்கிட்டே நிப்பாங்க, எதிர்ப்பக்கம் காசுக்கு சுடுறவங்க, நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்கு குறி பாக்க இன்னும் நாலு உருவம் கிடைக்கும், அவ்ளோதான்னு. அப்படி சொன்ன மனுஷன் படம் முழுக்க மத்தவங்களாலதான் உயிரோட இருக்காரு! ஆரம்பத்துலயே டூட் காப்பாத்துறான். நடுவுல துப்பாக்கி முனையில தெருவுல மாட்டிக்கிட்டப்ப ஃபெதர்ஸ் ஹோட்டல் ஜன்னல் வழியா பூந்தொட்டியைத் தூக்கி எறியுறா, அந்த ஒரு நொடிக்குள்ள கொலராடோ ரைஃபிளைத் தூக்கிப் போட சான்ஸ் புடிச்சு சுடுறாரு. கடைசியில ஸ்டம்பி, நொண்டிக் காலோட நீ வர வேணாம்னு விட்டுட்டு வந்த கிழவர், டைனமைட்டோட வந்து நிக்கிறாரு. ஹோட்டல்காரர் கார்லோஸும் வந்துடறாரு. உதவியே கேக்காத ஆளுக்கு உதவி வந்துகிட்டே இருக்கு, கேக்காமலேயே. இதை ஹை நூனுக்கு வெறும் மறுப்புன்னு மட்டும் சொல்ல முடியாது, சான்ஸ் சொல்ற பேச்சையே இந்தப் படம் பாதி மறுக்குது, அவரு வாய் தனியா நிக்கிறேன்னு சொல்லுது, கதை உன்னால தனியா நிக்க முடியாதுன்னு காட்டுது. எனக்கு படம் பழசாகாம இருக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்த டைனமைட் கூட சும்மா வானத்துல இருந்து குதிக்கல. முதல்ல வீலர் வண்டியில என்ன இருக்குன்னு கேட்டு, வெடிக்கிற சரக்குன்னதும் ஊர்க் கடைசியில கொண்டு போயி நிறுத்தச் சொல்வாரு சான்ஸ். போற போக்குல வர்ற ரெண்டு வரி. ரெண்டு மணி நேரம் கழிச்சு அதான் சண்டையை முடிக்குது. டைனமைட் யோசனை ஹாக்ஸோட பொண்ணு பார்பராவோடது, டைட்டில்ல மூலக்கதைன்னு அவங்க பேருதான் வரும்.

திரைக்கதை எழுதினது ரெண்டு பேர், ஜூல்ஸ் ஃபர்த்மன், லீ பிராக்கெட். பிராக்கெட் ஒரு பெண், சயின்ஸ் ஃபிக்‌ஷனும் துப்பறியும் கதையும் எழுதிட்டு இருந்தவங்க. அவங்க நாவலைப் படிச்சுட்டு ஹாக்ஸ் எழுதினது ஆம்பளைன்னு நினைச்சுதான் தி பிக் ஸ்லீப் படத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டாரு. பிற்காலத்துல ஸ்டார் வார்ஸ் வரிசையில எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்குக்கு முதல் டிராஃப்ட் எழுதினதும் இவங்கதான். ஃபெதர்ஸ் வாயில வர்ற வசனமெல்லாம் இவ்ளோ தைரியமா இருக்கிறதுக்கு இந்தக் கை ஒரு காரணமா இருக்கும்னு எனக்கு தோணும்.

ஃபெதர்ஸ் சீன்ல பேசுறது பூரா அவதான். வெய்ன் பக்கத்துல நின்னு என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுட்டே இருப்பாரு. துப்பாக்கிக்கு அசராத ஆளு இவ நாலு வார்த்தை பேசினா தடுமாறுவாரு. சீட்டாட்டத்துல இவ திருடினதா தப்பா சந்தேகப்பட்டு சான்ஸ் ஊரை விட்டுப் போகச் சொல்லும்போது, நீங்க நினைக்கிற மாதிரி பொண்ணா நான் இருந்தா அப்படித்தான் பண்ணுவேன்னு ஒரு பதில் சொல்வா பாருங்க, ஷெரிஃபுக்கு மேல பேச்சே வராது. கடைசி சீன் இன்னும் அழகு. மேடையில ஆடுற டைட்ஸைப் போட்டுட்டு கீழ பாருக்குப் போகப் போறேன்கிறா, இவரு அதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா அரெஸ்ட் பண்ணிடுவேன்கிறாரு. உடனே அவ அழுதுடறா, நீங்க சொல்லவே மாட்டீங்களோன்னு நினைச்சேன்கிறா. என்ன சொல்லன்னு கேக்குறாரு. என்னைக் காதலிக்கிறேன்னு. நான் அரெஸ்ட் பண்றேன்னு தானே சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான், உங்களுக்கே தெரியும். நான் மேல சொன்ன கேரம் ஷாட் இதை விட சுத்தமா விழுந்து நான் எந்தப் படத்துலயும் பாக்கல.

பாட்டைப் பத்தி கேட்டிருந்தீங்க. வெளிய சுத்தி வளைச்சிருக்காங்க, உள்ள டூட் படுத்துக்கிட்டு தொப்பியை முகத்துல சாய்ச்சுக்கிட்டு பாட, கொலராடோ கிடார் எடுக்க, அப்புறம் கிழவர் மவுத் ஆர்கன் வாசிக்க, சான்ஸ் காபி கப்போட நின்னு சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு இருக்காரு. மார்ட்டினும் நெல்சனும் நிஜத்துலயே பாடகருங்க, நெல்சன் அப்ப டிவியிலயும் ரெக்கார்டுலயும் பெரிய ஸ்டார், படப்பிடிப்பு நடந்தப்பதான் 18 வயசு முடிஞ்சுது, வியாபாரக் கணக்கு இருந்திருக்கும், மறைக்க வேணாம். இருந்தும் அந்த சீன் படத்துக்குத் தேவை. ஏன்னா அதுவரைக்கும் அங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சோதிச்சுக்கிட்டே இருந்தாங்க, அந்த மூணு நாலு நிமிஷம் யாரும் யாரையும் சோதிக்கல. சான்ஸ் பாடல, ஆனா அந்த நிக்கிற நிலையில குடும்பத்தைப் பாக்குற ஒரு மனுஷன் தெரியுறாரு. மெட்டும் புதுசு இல்ல, டியோம்கின் 1948ல ஹாக்ஸ், வெய்ன் சேர்ந்த ரெட் ரிவர் படத்துக்குப் போட்டதுக்குத்தான் இங்க வார்த்தை போட்டிருக்காங்க.

குறையும் சொல்லணும். ஹோட்டல்காரர் கார்லோஸையும் அவர் மனைவியையும் காட்டுற விதம் அந்தக் காலத்து ஹாலிவுட் மெக்சிகன் காமெடி, இன்னிக்கு பாத்தா நெருடும். நெல்சன் நடிப்பு மத்தவங்க பக்கத்துல கொஞ்சம் கட்டையாத்தான் இருக்கும், ஆனா அதிகம் பேசாத பையன்னு எழுதிட்டதால தப்பிச்சுடறான். நேதன் பர்டெட் ஆளா நிக்கவே இல்ல, ரெண்டு மூணு இடத்துல வந்து மரியாதையா மிரட்டிட்டுப் போறான், அவ்ளோதான். வெய்னுக்கு 51, டிக்கின்சனுக்கு 26, அந்தக் காதலை நம்ப சிலருக்கு கஷ்டமா இருக்கலாம், எனக்கு அவங்க பேச்சே அதை நம்ப வச்சுடுது.

ஹாக்ஸ் இதை எடுக்குறதுக்கு முன்னாடி நாலு வருஷம் படமே எடுக்கல. 1955ல லேண்ட் ஆஃப் தி ஃபேரோஸ்னு எகிப்து ராஜா கதை எடுத்து ஓடல, ஐரோப்பா பக்கம் போயிட்டாரு. திரும்பி வந்து பாத்தா வீட்டுக்கு வீடு டிவி, டிவி முழுக்க வெஸ்டர்ன் தொடருங்க. ஜனங்க வாராவாரம் அதே ஆளுங்களைப் பாக்கத்தான் உக்காருறாங்க, கதையை விட ஆளுங்கதான் முக்கியம்னு அவருக்குப் புரிஞ்சுது. ரியோ பிராவோ அங்க இருந்து பொறந்ததுதான். அந்த வருஷம் பென்ஹர் 11 ஆஸ்கார் வாங்குச்சு, இதுக்கு ஒரு நாமினேஷன் கூட இல்ல. ஆனா ஹாக்ஸ் இதே அமைப்பை எல் டொராடோன்னும் ரியோ லோபோன்னும் மறுபடி மறுபடி எடுத்தாரு, ரெண்டுக்கும் பிராக்கெட்தான் எழுத உக்காந்தாங்க. ஜான் கார்பென்டர் 1976ல அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13னு போலீஸ் ஸ்டேஷன் முற்றுகையா இதையே மாத்தி எடுத்துட்டு, எடிட்டர்ங்கிற இடத்துல ஜான் டி. சான்ஸ்னு இந்தப் பாத்திரத்தோட பேரையே போட்டுக்கிட்டாரு.

நீங்க மறுபடி பாக்குறதா இருந்தா ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கதையை விட்டுட்டு ஸ்டம்பியை மட்டும் பாருங்க. படம் பூரா அந்தக் கிழவர் புலம்பிக்கிட்டே இருப்பாரு, எனக்கு யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்றதில்ல, இருட்டுல உக்கார வச்சிருக்கீங்க, எதுவும் சொல்றதில்லன்னு. ஒரு நாள் சான்ஸ் ஆமாப்பா நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு சொல்லிட்டு குனிஞ்சு அவரு உச்சந்தலையில ஒரு முத்தம் கொடுத்துட்டு வாசலைப் பாத்து நடப்பாரு. கிழவர் கையில துடைப்பம் இருக்கும். அதாலயே அவரு பின்னாடி ஒண்ணு போடுவாரு.